தூண்டிலுக்கு முன்னால் நீச்சல்

லஸ்கர் தாத்தாவிடம் மீன் பிடிக்கப் பழகிய பேரப்பிள்ளைகள் அனைவருக்கும்,

வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதுவதென்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுவே போதும். ஆனால் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் எங்கள் வீட்டோடு முடிந்துவிடவில்லையே. கீழத்தெரு, மேலத்தெரு, ஆற்றுக்கு அக்கரை, கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்துபோன பிள்ளைகள் என்று யார் வந்து நின்றாலும் "வாடா பேராண்டி" என்றுதான் கூப்பிட்டார். இன்று நீங்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிறீர்கள். பலருடைய எண் என்னிடம் இல்லை. தாத்தா போய்விட்டார் என்பதே உங்களில் சிலருக்கு இதைப் படித்துத்தான் தெரியவரும். அதனால்தான் இதைப் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் காலமானார். படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் சிரமப்படுத்தவில்லை. இதோ தலைத்திவசம் வருகிறது. அவர் நினைவாக என்ன செய்யலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை கட்டலாம் என்றார் சித்தப்பா. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கித் தரலாம் என்றாள் அத்தை. அன்னதானம் எப்படியும் உண்டு. எல்லாம் நல்ல காரியம்தான், செய்வோம். ஆனால் தாத்தாவின் பெயரைச் சொல்லிச் செய்யவேண்டியது இன்னொன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஆற்றில் நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதன்பிறகு அவர்கள் கையில் ஒரு தூண்டில் கொடுக்க வேண்டும். இந்த வரிசையில்தான்.

லஸ்கர் என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். ராணுவத்தில் இருந்தாரா என்று என் மகனே கேட்டான். தாத்தா காலத்தில் பொதுப்பணித் துறையில் மதகையும் ஷட்டரையும் ஆற்றுக் கரையையும் பார்த்துக்கொண்டவர்தான் லஸ்கர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூரில் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, பாமணியாறாக நம் ஊருக்கு வருகிறது. வழியெல்லாம் ஷட்டர்கள். ஒவ்வொன்றையும் எத்தனை அங்குலம் தூக்குவது, எப்போது இறக்குவது என்று உத்தரவு மேலிருந்து வரும். தூக்குகிற கையும் இறக்குகிற கையும் லஸ்கருடையவை. விடியற்காலையில் கேஜ் பார்த்து அளவை எழுத வேண்டும். முறைப்பாசனம் வந்துவிட்டால் இரவும் பகலும் தூக்கம் கிடையாது. மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். தாத்தா வாங்கினார். ஆனால் ஒரு ஷட்டரையும் காசுக்காகத் தூக்கினார் என்று கடைமடையில் யாரும் சொன்னதில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்துக்குக் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்கள்.

அவரோடு கரையில் நடந்தவர்களுக்கு அந்த நடை ஞாபகம் இருக்கும். பார்வை தரையிலேயே இருக்கும். நண்டு வளை, எலி வளை எதைக் கண்டாலும் நின்று, மண்ணைத் தள்ளி, குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த அடி. வளையில் தொடங்குகிற கசிவுதான் வெள்ளக் காலத்தில் உடைப்பாக எடுக்கும். 1977 நவம்பர் புயலில் ராத்திரி முழுக்க சவுக்குக் கம்பும் மணல் மூட்டையும் வைக்கோல் பிரியுமாகக் கரையில் நின்றதை அவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஓய்வு பெற்றபிறகும் அந்த நடையை விடவில்லை. சம்பளம் நின்றுபோனாலும் வளையை மிதிப்பது நிற்கவில்லை.

வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் தூண்டில். அப்பாயி இதற்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருப்பாள்! கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதும் சைக்கிளில் தூண்டில் கம்பு கட்டியிருக்கும். மெல்லிய மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, ஈயக் குண்டு, நெட்டியில் அவரே சீவிச் செய்த தக்கை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் தக்கையை அவர் தொட்டதே இல்லை. அந்த நெட்டி நம் குளத்தோரத்தில் முளைத்துக் கிடந்ததுதான். தஞ்சாவூர்க்காரர்கள் அதில்தான் கோயில் கோபுரமும் நந்தியும் செய்கிறார்கள். தாத்தா செய்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தக்கை. ஆனால் அதைச் சீவும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மண்புழுவைக் கோர்க்கும்போது தூண்டில் முள்ளின் நுனியை மறைத்து, வால் பக்கம் கொஞ்சம் ஆடுகிற மாதிரி விடுவார். அப்புறம் நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தக்கையைப் பார்க்கச் சொல்வார். துடித்துத் துடித்து நின்றால் பொடிக் கெண்டை கொத்திப் பார்க்கிறது, விட்டுவிடு. ஒரே வெட்டில் உள்ளே போனால் குறவை. மெதுவாகச் சாய்ந்து நகர்ந்தபடியே அமிழ்ந்தால் கெளுத்தி, தூக்கியதும் கை வைக்காதே, முள் குத்தும். நகர்ந்து போய் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டால் நண்டு கவ்வியிருக்கிறது, முள்ளை மறந்துவிடு. இவ்வளவும் தண்ணீருக்கு மேலே தெரிகிற ஒரு விரல் நெட்டியை வைத்துக்கொண்டு! மங்கிய தண்ணீருக்குள் நடப்பதை மேலே இருந்து படிக்க முடியும் என்பதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். இன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அந்தப் பொறுமை எனக்குக் கல்லூரியில் வந்ததல்ல.

இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அவர் வைத்திருந்த சட்டத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க முடியாது. நீந்தத் தெரியாதவனுக்குத் தூண்டில் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளையானாலும், எவ்வளவு அழுதாலும் கிடையாது. முதலில் படித்துறை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நமக்குத் தெரியாமலே குடுக்கையை அவிழ்த்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொள்வார். ஆற்றின் குறுக்கே போய்த் திரும்பினால்தான் கம்பு கையில் வரும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அப்போது புரியவில்லை. வளர்ந்தபிறகு ஒரு நாள் கேட்டேன். "எத்தனை பிள்ளைய இந்தக் கையால தூக்கிக் கரையில போட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். உயிரோடு தூக்கியதைச் சொல்லவில்லை. ஷட்டர் ஓரம் பணி செய்தவருக்கு அது விதி. ஷட்டருக்குக் கீழே விழுகிற தண்ணீர் அடியைப் பறித்துக் குழியாக்கிவிடும். மேலே பார்த்தால் நுரையும் விளையாட்டுமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் திரும்பிச் சுழன்று, இறங்கியவனை மதகுப் பக்கமே இழுக்கும். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் அங்கேதான் ஆசையாகக் குதிப்பார்கள். நீந்தத் தெரிந்தவனுக்கும் அந்த இடம் ஆகாது. அதனால் நீச்சலோடு சேர்த்து எங்கே இறங்கக்கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தார். இரண்டும் அவருக்கு ஒரே பாடம்தான். மணல் அள்ளிய பள்ளங்கள் வந்தபிறகு அந்தப் பாடத்தில் இன்னொரு பக்கமும் சேர்ந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் ஆளை விழுங்குகிற ஆழம். கொள்ளிடத்தில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வரும் நாளில் தாத்தா சாப்பிடமாட்டார்.

பெண்பிள்ளைகளுக்கும் அதே சட்டம், அதே தூண்டில். நான் பெரிய மனுஷியானதும் இனி ஆற்றங்கரைக்கு எதற்கு என்று உறவில் ஒருவர் ஆரம்பித்தார். சின்ன அத்தைக்கு இதே பேச்சு வந்தபோது அவள் வீட்டோடு நின்றுவிட்டாளாம். தாத்தா ஆற்றில் கால் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அவ மகளுக்கு நாளைக்கு நீச்சல் சொல்லித் தர்றது யாரு, நீயா வருவே?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மறுநாள் காலை எனக்குப் புது நரம்பு போட்ட கம்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பிறகு நீந்தினோம், சின்ன அத்தை உட்பட. முப்பது வயதுக்கு மேல் அவள் கற்றுக்கொண்டாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

இப்போது புதுத் தண்ணீர் வருகிற நாளைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்திராத உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

வழக்கமாக ஜூன் 12 இல் மேட்டூர் திறப்பார்கள். ஜனவரி 28 இல் மூடுவார்கள். இடையில் நாலரை மாதம் பாமணியாறு மணல் பாதை. ஆடு மேயும், கிரிக்கெட் நடக்கும். மேட்டூர் திறந்த செய்தி வந்ததிலிருந்து தாத்தா வீட்டில் தங்கமாட்டார். கல்லணை திறந்துவிட்டால் அவரோடு தெருவே தலைப்புப் பக்கம் போய்விடும். தண்ணீர் முதலில் கண்ணில் படாது, வானத்தில்தான் தெரியும். பருந்தும் கொக்கும் மைனாவும் தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். வறண்ட மண்ணின் வெடிப்புகளில் இருந்த பூச்சியும் எறும்பும் தேளும் தண்ணீர் ஏற ஏற வெளியே ஓடிவரும், அவற்றைப் பிடிக்கத்தான் அந்தக் கூட்டம். பிறகு நுரையும் சருகும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு தண்ணீரின் முகம் வரும். ஆள் நடக்கிற வேகம்தான். மணல் அதைக் குடிக்கும்போது சுர்ரென்று ஒரு சத்தம், குமிழ் குமிழாகக் காற்று வரும். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓரடி முன்னாலேயே நடப்போம், அது விரட்டுகிற மாதிரி. தாத்தா குனிந்து கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பெண்கள் பூவும் நெல்லும் போடுவார்கள்.

ஓய்வு பெற்றபிறகு, தண்ணீர் ஊருக்கு வந்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்புறம் மேட்டூர் அளவை எழுதி வைப்பார். 2020 இல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12 இலேயே திறந்தார்களே, அந்தத் தாளில் அளவுக்குக் கீழே பெரியதாக ஒரு சுழி போட்டிருக்கிறார். 2022 இல் மே 24 இலேயே திறந்துவிட்டார்கள். 2024 இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தாளில் ஒன்றும் எழுதவில்லை, தேதி மட்டும் இருக்கிறது. குறுவை கைவிட்டுப்போன வருஷம் அது.

அவர் மீனைப் பிடித்தார், ஆசையாகச் சாப்பிட்டார். விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து, மாங்காய் போட்டு அப்பாயி வைக்கிற குழம்புக்காக மாலை முழுக்கக் காத்திருப்பார். மீன்மேல் அவருக்கு இருந்தது சாமியாரின் இரக்கமல்ல. ஆனால் எந்த மீனை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதில் அவரை யாரும் அசைக்க முடியாது.

ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் காட்டாமணக்குப் புதருக்குக் கீழே காட்டினார். மழை இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் தீக்குச்சி அளவுகூட இல்லாத செம்பொன் நிற விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துக் குடித்து இறங்கின. விரால் செவுளை மட்டும் நம்பி இருக்கிற மீனல்ல, மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். அந்தக் கூட்டத்துக்குச் சற்றுக் கீழே கறுப்பாக ஒரு நிழல் அசைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தாயும் தகப்பனும் காவல். கூட்டத்தின் நடுவில் தவளைக்குஞ்சைப் போட்டால் அந்த நேரத்தில் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசிக்காக இல்லை, குஞ்சுக்கு ஆபத்து என்று நினைத்துக் கவ்வும். தூண்டில்காரர்களுக்கு இது தெரியும், அதனால் குஞ்சுக் கூட்டத்தைத்தான் தேடிப் போவார்கள்.

அன்று ஒருவர் அப்படித்தான் வந்தார். தாத்தா அவர் கம்பைப் பிடித்துக்கொண்டார். "இதத் தூக்கிட்டா இந்தக் குஞ்சு பூராவும் பொழுது சாயறதுக்குள்ள கொக்குக்கும் கெளுத்திக்கும் போயிரும். தையில வா, நானே இடம் காட்டுறேன்" என்றார். தை மாதம் அவரைக் கூப்பிட்டுப் போய் இடமும் காட்டினார். அந்த இரண்டாவது பகுதிதான் தாத்தா. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போகமாட்டார்.

கஜா புயலைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. 2018 நவம்பர் 16 விடியும்போது நம் வீட்டில் ஓடு இல்லை, கொல்லையில் தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தன. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாத்தா அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். குறுக்கே விழுந்த மரங்களை வெட்டி எடுக்காவிட்டால் அடுத்த மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்றார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். அவர் வெட்டத் தொடங்கியதைப் பார்த்துத்தான் அப்போது ஊரில் இருந்த நீங்கள் எல்லாரும் வந்து சேர்ந்தீர்கள். மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் ராத்திரி பேட்டரி விளக்கோடு போய்க் கெண்டையும் குறவையும் கொண்டுவந்து, வீட்டுக்கு இத்தனை என்று தெருவில் பங்கு வைத்ததும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது பாருங்கள். ஆரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றையும் என் மகனுக்குப் படத்தில்தான் காட்ட முடிகிறது. 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் எல்லாக் குளத்தையும் பிடித்துக்கொண்டது. வயல் மருந்து வாய்க்காலில் இறங்குகிறது. பேட்டரியையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, குஞ்சும் முட்டையுமாகச் சாகடித்து, பெரியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897 ஆம் ஆண்டுச் சட்டமே குற்றம் என்றது. அதைவிடக் கொடுமை இது. நம் ஊர்ப் பையன்கள் செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். தாத்தாவிடம் பழகிய ஒருவர் வீட்டுப் பிள்ளையும் அதில் இருந்தான். அவனைத் திட்டி என்ன பயன்? அவன் கையில் யாரும் நெட்டித் தக்கை கொடுக்கவில்லை. விரால் குஞ்சு மூச்சு வாங்குவதை யாரும் குனியவைத்துக் காட்டவில்லை.

நம் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்கிறார்கள். பயந்து தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் அவர்கள் நண்பர்களோடு எங்காவது இறங்கத்தான் போகிறார்கள். அன்று பக்கத்தில் நாம் இருக்கமாட்டோம்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். தலைத்திவசத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக வந்து போகாதீர்கள். தண்ணீர் ஊருக்குள் வந்து, வேகம் தணிந்து, தெளிந்தபிறகு ஒரு வாரம் தங்குகிற மாதிரி விடுப்புப் போட்டுப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியோடாவது அனுப்புங்கள். படித்துறையில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். ஆறு பேர் கரையில் நின்றால்தான் பிள்ளைகள் இறங்குவார்கள், அதற்கு உங்களில் நன்றாக நீந்துகிறவர்கள் வேண்டும். ஷட்டர் பக்கத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுவோம். அந்த வாரத்தில் யார் ஆற்றைக் கடந்து திரும்புகிறார்களோ அவர்களுக்குக் கம்பு உண்டு. மூங்கில் வெட்டிக் காயவைத்துவிட்டேன். நெட்டி இப்போது அரிதாகிவிட்டது, அக்கரைத் தம்பி ஒருவர் தேடிக் கொண்டுவந்து தந்திருக்கிறார். சீவத் தெரிந்தவர்கள் இரண்டு நாள் முன்னதாக வந்தால் நல்லது.

குழுவில் இல்லாதவர்கள் கல்லணை திறந்த செய்தியைப் பார்த்ததும் ஊரில் யாரையாவது கூப்பிட்டு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை ஒன்றுக்கு மாற்றுத்துணி மூன்று செட்டும் ஒரு துண்டும் வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில். அப்பாயி இப்போதே மாங்காய் சொல்லி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
லஸ்கர் வீட்டுப் பெரிய பேத்தி